சொல் ஒன்று, சுமை பல: ‘சார்ஜ்’ பற்றி வாசகர்கள் கேட்டவை

ஆங்கிலச் சொற்களைப் பற்றித் தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் இந்த முறை பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, இன்வெர்ட்டர், கல்யாண மண்டபம் என எங்கு போனாலும் இந்த ‘சார்ஜ்’ குறுக்கே வந்து நிற்கிறதாம். அந்தக் கடிதங்களை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: காரின் கண்ணாடியை உடைத்துப் பையைத் திருடிவிட்டார்கள். நிலையத்துக்குப் போனால் அதிகாரி, “டூ யூ வாண்ட் டு லே எ சார்ஜ்?” என்றார். நான் “ஹவ் மச்?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் கேட்டது என்ன? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: அவர் காசு கேட்கவில்லை. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. ‘லே எ சார்ஜ்’ என்றால் ஒரு குற்றத்தைப் பற்றி முறைப்படி புகார் பதிவு செய்வது. போலீஸ் நிலையத்தின் முன் அறைக்கு இன்று ‘சமூக சேவை மையம்’ என்ற பொருளில் ஆங்கிலப் பலகை மாட்டியிருந்தாலும், இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதை இன்னும் ‘சார்ஜ் ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். வழி கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

அடுத்த முறை (அப்படி ஒன்று வராமல் இருக்கட்டும்) நடக்க வேண்டியது இது. நடந்ததை நீங்கள் சொல்ல, அதிகாரி எழுதுவார். நீங்களே எழுதியும் கொடுக்கலாம். அது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள், புரியாத வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நேரம், இடம், போன பொருள்களின் பட்டியல் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். கைபேசி போயிருந்தால் அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். போன் வாங்கிய அட்டைப் பெட்டியில் அந்த எண் இருக்கும். பெட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பிறகு எண் கேட்டு வாங்குங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஓ.பி. நம்பர்’ என்பது நிலையத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிய எண், அவ்வளவே. ‘சி.ஏ.எஸ். நம்பர்’ கிடைத்தால்தான் வழக்குக் கோப்பு திறந்ததாகப் பொருள். அதில் நிலையத்தின் பெயர், வரிசை எண், மாதம், ஆண்டு இருக்கும். காப்பீட்டுக்காரர் கேட்பது இந்த எண்ணைத்தான்.

இனி இலக்கணம். ‘லே’ என்பதன் இறந்தகாலம் ‘லெய்ட்’: “ஐ லெய்ட் எ சார்ஜ்.” ‘கிவ்’, ‘புட்’ இரண்டும் இங்கே சேராது. “ஐ ஓப்பன்ட் எ கேஸ்” என்பதுதான் இந்த ஊரில் அதிகம் காதில் விழும், அதுவும் சரியே. ‘பிரெஸ் சார்ஜஸ்’ அமெரிக்கத் தொடர்களிலிருந்து வந்தது. புரியும், ஆனால் அன்னியமாக ஒலிக்கும். “ஐ சார்ஜ்ட் மை நெய்பர்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதோ வேலைக்குக் காசு வாங்கினீர்கள் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

கேள்வி: ‘சார்ஜ்ட் ஃபார் தெஃப்ட்’ என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். நானும் பல வருஷம் திருத்தாமல் விட்டுவிட்டேன். எது சரி? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தமிழும் ஆங்கிலமும் சொல்லித்தரும் டீச்சர்)

பதில்: ‘சார்ஜ்ட் வித் தெஃப்ட்’ என்பதே சரி. தமிழில் “திருட்டுக்காகக் குற்றம் சாட்டப்பட்டான்” என்று நினைத்து அந்த ‘க்காக’வை ‘ஃபார்’ ஆக்கிவிடுகிறோம். தவறு அங்கே பிறக்கிறது. ‘ஃபார்’ வந்தால் அது காசு: ‘சார்ஜ்ட் ஃபார் பார்க்கிங்’, வண்டி நிறுத்தக் காசு வாங்கினார்கள். ‘சார்ஜ்ட் ஃபார் மர்டர்’ என்று எழுதினால் கொலைக்குக் கட்டணம் வசூலித்த மாதிரி ஆகும்.

இந்தச் சொல்லில் குழப்பத்தின் பாதி இந்த ஒட்டுச் சொற்களில்தான் இருக்கிறது. ‘வித்’ வந்தால் ஒருவர் மேல் ஏற்றி வைத்தது: குற்றமாக இருக்கலாம், கடமையாகவும் இருக்கலாம். ‘ஃபார்’ வந்தால் காசு. ‘டு’ வந்தால் யார் கணக்கில் எழுதுவது என்பது: ‘சார்ஜ் இட் டு தி ரூம்’, அறைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ‘அட்’ வந்தால் பாய்ச்சல்: ‘தி புல் சார்ஜ்ட் அட் ஹிம்’, காளை அவன் மேல் பாய்ந்தது. ஆளுக்கும் தொகைக்கும் நடுவே எதுவும் வேண்டாம்: ‘ஹீ சார்ஜ்ட் மீ ஃபிஃப்டி ராண்ட்’.

இதன் உறவுச் சொற்களோ ஒவ்வொன்றும் தனி ஒட்டு கேட்கும்: ‘அக்யூஸ்ட் ஆஃப்’, ‘பிளேம்ட் ஃபார்’, ‘கன்விக்டட் ஆஃப்’. இதற்குச் சூத்திரம் கிடையாது. ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்வதுதான் வழி.

இன்னொன்றும் வகுப்பில் சொல்லலாம். ‘சார்ஜ்ட்’ வேறு, ‘கன்விக்டட்’ வேறு. நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1956 டிசம்பரில் தொடங்கிய தேசத்துரோக வழக்கில் 156 பேர் பிடிபட்டார்கள். நெல்சன் மண்டேலா அதில் ஒருவர், டர்பன் டாக்டர் மான்டி நாயக்கரும் ஒருவர். பலர் மேல் இருந்த குற்றச்சாட்டு இடையிலேயே கைவிடப்பட்டது. கடைசிவரை கூண்டில் நின்றவர்கள் 1961 மார்ச் 29 அன்று விடுதலையானார்கள். அத்தனை பேரும் ‘சார்ஜ்ட்’. ஒருவர்கூட அந்த வழக்கில் ‘கன்விக்டட்’ இல்லை. வீட்டுத் திண்ணையில் பேசும்போது இந்த இரண்டையும் நாம் எவ்வளவு எளிதாகக் கலந்துவிடுகிறோம்!

கேள்வி: காசு, குற்றம், மின்சாரம், பொறுப்பு, பாய்ச்சல். ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லையே? எழுத்து மட்டும் ஒன்றான வெவ்வேறு சொற்களா இவை? (லெனேசியா வாசகி)

பதில்: எல்லாம் ஒரே சொல்தான். இலத்தீனில் ‘கர்ரஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவது ‘கர்ரிகாரே’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. கார், கேரி, கார்கோ எல்லாம் அந்தக் குடும்பமே. கேலிச்சித்திரத்தைச் சொல்லும் ‘கேரிகேச்சர்’கூட இத்தாலிய மொழியில் ‘அளவுக்கு மீறி ஏற்றியது’ என்ற பொருளில் பிறந்தது. மூக்கின் மேல் கூடுதல் பாரம் ஏற்றி வரைவதுதானே அது!

ஆக ஆதிப்பொருள் சுமை. அதை வைத்துப் பாருங்கள், தமிழனுக்கு இதில் வியக்க எதுவுமில்லை. நாமும் குற்றத்தைச் *சுமத்து*கிறோம். பதவியில் பொறுப்*பேற்*கிறோம். பேட்டரிக்கு மின்*னேற்றம்* செய்கிறோம். வரியை வரிச்*சுமை* என்கிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லில் ஏற்றியதை நாம் சுமத்து, ஏற்று, ஏல் என்று பிரித்து வைத்திருக்கிறோம். புதிய இடத்தில் ‘சார்ஜ்’ எதிர்ப்பட்டால் அகராதியைத் தேடும் முன், “இங்கே யார் மேல் எது ஏற்றப்படுகிறது?” என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் துப்பாக்கி வழியாக வந்தது. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் ‘சார்ஜ்’தான்; அதுபோல மின்சாரத்தை நிரப்புவதற்கும் அதே சொல் வந்தது. 1740-களின் கடைசியில் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடி ஜாடிகளை வைத்துச் சோதனை செய்தபோது, ஜாடிகளை வரிசையாக இணைத்ததற்கு பீரங்கி வரிசையின் பெயரான ‘பேட்டரி’யையே வைத்தார். பாய்ச்சல் என்ற பொருளும் போர்க்களத்திலிருந்து வந்ததே: ஈட்டியைத் தாக்குநிலையில் தாங்கிப் பிடிப்பது ‘சார்ஜ்’, பிடித்தவன் அப்படியே முன்னே பாய, பாய்ச்சலுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் போனுக்கு ‘ரீசார்ஜ்’ செய்கிறார்கள். இங்கே ஏர்டைமையும் ப்ரீபெய்ட் மின்சாரத்தின் 20 இலக்க எண்ணையும் ‘லோட்’ செய்கிறோம். சுற்றிச் சுற்றி அதே வண்டிப் பாரம்தான்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டர் திரையில் ‘ஃப்ளோட் சார்ஜ்’ என்று காட்டுகிறது. நிறைந்துவிட்டதா, ஏறிக்கொண்டிருக்கிறதா? 100 ஆம்பியர்-அவர் லெட் (ஈய) பேட்டரி. வாங்கும்போது நாலு மணி நேரம் தாங்கும் என்றார்கள், இப்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. (பீனிக்ஸ் வாசகர்)

பதில்: நிறைந்துவிட்டது. ஏற்றம் மூன்று கட்டமாக நடக்கும். முதலில் ‘பல்க்’: முழு வேகத்தில் மின்சாரம் உள்ளே போகும். அடுத்து ‘அப்சார்ப்ஷன்’: 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 14.4 வோல்ட்டில் நிறுத்தி மெல்ல மெல்ல நிரப்பும். கடைசியில் ‘ஃப்ளோட்’: 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இறக்கி, தானாகக் கசிவதை மட்டும் ஈடுகட்டும். துல்லியமான எண் பேட்டரியின் வகைக்கேற்ப மாறும்; அதன் மேல் ஒட்டியிருப்பதைப் பாருங்கள்.

இனி உங்கள் குறை. 12 வோல்ட்டை 100 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 1200 வாட்-அவர். லெட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது 600. ரவுட்டர் 15 வாட், டிவி 80, 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து என்றால் மொத்தம் 140. இன்வெர்ட்டர் தனக்கென எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் 160. 600-ஐ 160-ஆல் வகுத்தால் மூணே முக்கால் மணி. கடைக்காரர் சொன்ன நாலு மணி நேரம் பொய்யில்லை, புது பேட்டரிக்கு.

பிறகு ஏன் கெட்டது? வடித்ததைத் திரும்ப நிரப்ப நேரம் கிடைக்காமல் போனதுதான் பெரும்பாலும் காரணம். இந்த அளவு பேட்டரிக்கு வழக்கமான ஏற்றம் 10 ஆம்பியர். பாதி காலியானதை நிரப்பக் கணக்குப்படி 5 மணி. ஆனால் கடைசிக் கட்டம் இழுப்பதால் நடைமுறையில் 7, 8 மணி ஆகும். 2023-இல் மின்வெட்டு அடிக்கடி வந்த கடுமையான நிலைகளில் நின்ற நாட்களில், ஒரு வெட்டு முடிந்து இது நிறைவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அரைகுறையாகவே கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிப் போகும். இறுகிய இடம் பிறகு மின்சாரத்தை ஏற்காது. அதனால்தான் ‘ஃப்ளோட்’ என்று சீக்கிரமே காட்டும், சீக்கிரமே தீர்ந்தும் போகும். பாத்திரம் சிறுத்துவிட்டது, சிறுத்த பாத்திரம் நிறைந்ததைத்தான் திரை சொல்கிறது.

சோதித்துப் பாருங்கள். முழுதாக ஏற்றி, எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, சில மணி நேரம் சும்மா வைத்துப் பிறகு மீட்டரில் அளவெடுங்கள். 12.7 வோல்ட் நிறைவு, 12.2 சுமார் பாதி. ஒரு நாளில் தானாகவே நன்றாக இறங்கிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான் ஊற்றவேண்டும், அதுவும் ஏற்றி முடித்த பிறகு. ஏற்றும்போது திரவம் விரியும். முன்னாலேயே விளிம்புவரை ஊற்றினால் அமிலம் வெளியே வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிக்கொள்ளலாம். கெட்டிலை இதில் மாட்டவே வேண்டாம்: 2000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

சொல்லுக்கு வருவோம். “போன்ல சார்ஜ் இல்ல” என்பதை “தி பேட்டரி இஸ் ஃப்ளாட்” என்று சொன்னால் இங்கே இயல்பு. போன் ஏறிக்கொண்டிருந்தால் ‘ஆன் சார்ஜ்’. ‘இன் சார்ஜ்’ என்றால் உங்கள் போன் வீட்டை நிர்வகிக்கிறது என்று ஆகிவிடும். சில வீடுகளில் அதுவும் உண்மைதான்.

கேள்வி: ‘பஸ் சார்ஜ்’ என்று சொன்னால் இங்கே ஏன் விழிக்கிறார்கள்? மதுரையில் எல்லோரும் அப்படித்தானே சொல்வோம்! (வெருலம், புதிதாக வந்தவர்)

பதில்: மதுரையில் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது, அங்கே அது தவறில்லை. ஆங்கிலத்தில் பயணத்துக்குக் கொடுப்பது ‘ஃபேர்’. நம்முடைய ‘கட்டணம்’ ஒன்றே எல்லாவற்றையும் தாங்கும். ஆங்கிலம் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறது. டாக்டருக்கும் பள்ளிக்கும் ‘ஃபீஸ்’. பொருளுக்கு ‘பிரைஸ்’. மரியான்ஹில் சுங்கச்சாவடியில் ‘டோல்’. அடுக்குமாடி வீட்டுக்கு மாதாமாதம் ‘லெவி’. நகராட்சிக்குச் சொத்தின் பேரில் கட்டுவது ‘ரேட்ஸ்’. வட்டி விகிதமான ‘ரேட்’டோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘சார்ஜ்’ பெயர்ச்சொல்லாக நிற்பது பெரும்பாலும் ஒரு சேவைக்காக மேலே ஏற்றும் தொகைக்கு: வங்கி சார்ஜ், டெலிவரி சார்ஜ்.

வினைச்சொல்லாக வந்தால் தடையில்லை. குழாய் ரிப்பேர்காரரிடம் “வாட் டூ யூ சார்ஜ்?” என்று தாராளமாகக் கேட்கலாம். கூடவே ‘கால்-அவுட் ஃபீ’ தனியா என்றும் கேளுங்கள். வந்து பார்த்ததற்கே ஒரு தொகை எழுதுவார்கள், கேட்காதவர் பில் வந்ததும் திகைப்பார்.

உணவகத்தில் பெரிய மேசைக்குச் சில இடங்களில் ‘சர்வீஸ் சார்ஜ்’ பில்லிலேயே சேர்ந்திருக்கும். அப்படி இருந்தால் மேலும் டிப் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. 15 சதவீத வாட் வரி வேறு, இது வேறு. மெனுவில் போட்ட விலையிலேயே வாட் அடங்கும். கணக்கு கூடிவிட்டதாகத் தோன்றினால் “யூ சீட்டட் மீ” என்று பாயாதீர்கள். “ஐ திங்க் ஐ ஹேவ் பீன் ஓவர்சார்ஜ்ட்” என்றால் போதும். யார் மேலும் பழி போடாத வாக்கியம், வேலையும் நடக்கும்.

கேள்வி: அம்மாவை வார்டில் சேர்த்திருந்தோம். சிஸ்டர் வந்து “எனி டிஸ்சார்ஜ்?” என்று கேட்டார். “நாளைக்கு என்று டாக்டர் சொன்னார்” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. (மெரிபேங்க் வாசகி)

பதில்: அவர் கேட்டது சீழோ நீரோ வடிகிறதா என்று. ‘டிஸ்சார்ஜ்’ என்றால் ஏற்றியதை இறக்குவது. நோயாளியை வார்டிலிருந்து இறக்கினால் வீட்டுக்கு அனுப்புதல். காயம், கண், காது, பிறப்புறுப்பு ஆகியவற்றிலிருந்து வெளிவந்தால் கசிவு. ‘எனி’ என்று தொடங்கினால் அநேகமாகக் கசிவைத்தான் கேட்கிறார்கள். ‘வென்’ என்று தொடங்கினால் வீட்டுப் பேச்சு.

கசிவு உண்டு என்றால் நிறம், கெட்டியா நீரா, வாடை, எப்போதிலிருந்து, இந்த நான்கையும் சொல்லுங்கள். மஞ்சள் அல்லது பச்சை, கெட்டி, வாடை என்றால் கிருமித் தொற்றை நினைப்பார்கள். தெளிந்த நீர் என்றால் வேறு வழியில் யோசிப்பார்கள். “கொஞ்சம் வருது” என்பதோடு நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ தாளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

நீதிமன்றத்திலும் இது உண்டு. அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், தண்டிக்கத் தக்க சான்றே இல்லை என்று நீதிபதி கண்டால், குற்றம் சாட்டப்பட்டவரை அப்போதே விடுவிக்கலாம்; 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு. அதையும் ‘டிஸ்சார்ஜ்’ என்பார்கள்.

கேள்வி: ‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் தி சார்ஜ் ஆஃப்’. ஒரு ‘தி’தானே கூடுதல்? (டர்பன் மாணவர்)

பதில்: அந்த ‘தி’ ஆளையே தலைகீழாக்கிவிடும். ‘தி சிஸ்டர் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி பேஷண்ட்’: சிஸ்டர் பொறுப்பாளர். ‘தி பேஷண்ட் இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி சிஸ்டர்’: நோயாளி அவர் பொறுப்பில் இருக்கிறார். பரீட்சையில் ‘தி’யை விட்டால் நோயாளி சிஸ்டரைப் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: ஹ்லுஹ்லுவே காட்டில் யானை காதை விரித்துக்கொண்டு ஓடி வந்தது. வழிகாட்டி, “மாக் சார்ஜ், பயப்படாதீங்க” என்றார். எப்படித் தெரிந்தது? (டோங்காட், ஏழாம் வகுப்பு)

பதில்: ‘மாக் சார்ஜ்’ என்றால் மிரட்டல் பாய்ச்சல். காதை விரித்து, தலையைத் தூக்கி, பிளிறிக்கொண்டு, தூசியைக் கிளப்பி வந்தால் பெரும்பாலும் மிரட்டல், பாதியில் நிற்கும். காதை ஒட்ட மடித்து, துதிக்கையைச் சுருட்டி உள்ளே இழுத்து, சத்தமில்லாமல் வந்தால் நிஜம். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை மறக்காதே, தம்பி. யானை இலக்கணம் படித்ததில்லை. எதுவானாலும் ஹாரன் அடிக்காமல், அப்பாவை வண்டியை மெதுவாகப் பின்னால் எடுக்கச் சொல்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கொடுத்த கணக்கில் ‘சார்ஜர்ஸ் 200’ என்று வாடகை போட்டிருக்கிறார்கள். கீழே ‘பிரேக்கேஜஸ் வில் பி சார்ஜ்ட்’ என்றும் இருக்கிறது. 200 பேரின் போனுக்கு நாங்கள் ஏன் சார்ஜர் தர வேண்டும்? (சாட்ஸ்வொர்த், பெண் வீட்டார்)

பதில்: போனுக்கு இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் அழகுக்காக வைக்கும் அகலத் தட்டின் பெயர் ‘சார்ஜர்’. பாரம் தாங்கும் தட்டு என்ற பழைய பொருள். ஆங்கில பைபிளின் 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் திருமுழுக்கு யோவானின் தலையை வைத்துக் கேட்பது இந்த ‘சார்ஜரில்’தான். நேரடியாக அதில் சாப்பிடுவதில்லை. பல தட்டுகள் பூச்சு பூசியவை, உணவு படக் கூடாது.

அடுத்த வரியில் வரும் ‘சார்ஜ்ட்’ காசு: உடைந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே தட்டு வந்து இறங்கும்போதே எண்ணி, விரிசல் உள்ளதைத் தனியே எடுத்துப் படம் பிடித்து, மண்டபக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இலை போட்டுப் பரிமாறப் போகிறீர்கள் என்றால் அந்த 200-ஐயும் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொல்லுங்கள். வாழையிலைக்கு அடித்தட்டு எதற்கு?